மூன்றாம் மாடியில் திப்பிலி வாசனை

சென்னை விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். பினாங்கில் விமானம் ஏறியதிலிருந்து யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். "மகளுக்குப் பேறுகாலம் சார். தலைப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி, "திரும்பிப் போகும்போது ஸ்வீட்டோட வாங்க" என்றார். என்ன ஸ்வீட் வாங்கலாம் என்று யோசித்தபடியே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே மாப்பிள்ளை சாதிக் நின்றிருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டவன் என் முகத்தைப் பார்க்காமல், தூணைப் பார்த்துப் பேசினான். "மாமா, முந்தாநாள் ராத்திரி பொறந்துருச்சு. பொம்பளப் பிள்ள. விடியக்காலைல போயிருச்சு. மண்ணு போட்டாச்சு. போன்ல சொன்னா நீங்க தனியா எப்படி வருவீங்கன்னுதான் சொல்லல."

நான் ஓதவேண்டியதை ஓதினேன். பக்கத்தில் ஒரு குடும்பம் மாலையும் கையுமாக யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இடைஞ்சலாக நிற்கிறோம் என்று யாரோ எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. எங்கள் ஊரிலும் மழை பெய்யும், ஆனால் பெய்துவிட்டுப் போய்விடும். இங்கே பெய்த மழை வீட்டுக்குப் போக வழி தெரியாமல் ரோட்டிலேயே தங்கிவிடுகிறது. சாதிக் கண்ணாடியைத் துடைப்பதும் கியரை மாற்றுவதுமாக இருந்தான். ரேடியோவில் யாரோ விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அணைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

என் மகள் ஷாஹினா காட்டாங்குளத்தூரில் படிக்க வந்தவள். கூடப் படித்த பையனைப் பிடித்துப்போய் இந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். சாதிக்குக்குத் தாய் இல்லை. என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, பேறுகாலம் பார்க்க ஒரு பெண்பிள்ளை இல்லாத குடும்பம். அதனால்தான் பினாங்கில் ஆயுசு முழுக்க நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியோடு கிளம்பி வந்தேன். நாற்பது நாளும் என் கையால் ஆக்கிப்போட வேண்டும் என்பது ஏற்பாடு.

வீடு சேலையூர் தாண்டி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. காலையில்தான் ஷாஹினா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், "வந்துட்டீங்களா அத்தா" என்றாள். தகப்பனை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. தலையில் கை வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். டீயை மட்டும் ஆறவைத்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தெருமுனைக் கடையில் டீ குடித்தேன். இந்த ஊர் டீயில் பால் அதிகம், இஞ்சி அதிகம், பொறுமை குறைவு. எங்கள் ஊரில் ஆற்றி ஆற்றி நுரை எழுப்பித் தருவார்கள். இங்கே அண்ணன் ஒரே தூக்காகத் தூக்கி ஊற்றிவிட்டு அடுத்த கிளாசுக்குப் போய்விட்டார். பரோட்டா பரவாயில்லை. சால்னாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வேறு நாளாக இருந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

டீயைக் குடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளை மருந்து கிண்டிவிடுவது. பெயர்தான் பிள்ளை மருந்து, தின்பது தாய். குழந்தை இருக்கிறதோ இல்லையோ, பெற்ற உடம்பு பெற்ற உடம்புதானே? இடுப்பும் வயிறும் ரணம்தானே? சாதிக்கிடம் சொன்னபோது அவனுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம் மாமா. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும்" என்றான். "மறந்தாத்தானேப்பா ஞாபகம் வர்றதுக்கு" என்று சொல்லிவிட்டு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒன்றும் இல்லை.

மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "மார்க்கெட் போகுமா?" என்றேன். "ஏறு பெரியவரே" என்றார் டிரைவர். எந்த மார்க்கெட் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறியிருக்க வேண்டும் என்பது, மேடவாக்கம் தாண்டிய பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் இறங்க, காய்கறிக் கூடைக்காரம்மா ஏற, நான் பையை மடியில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன்.

"தாம்பரம் இன்னும் வரலையா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, தாம்பரம் அந்தாண்ட கீது! நீ பள்ளிக்கரணைக்கு வந்துகினு கீற!"

இறக்கிவிட்ட இடத்தில் சதுப்பு நிலம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீரும் கோரையும், மறுபக்கம் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். வெள்ளையாகப் பெரிய பறவைகள் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றன. எங்கிருந்தோ குப்பை எரிகிற நாற்றமும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் வரவில்லை, விமான நிலையத்தில் வரவில்லை, முன்பின் தெரியாத பஸ் ஸ்டாப்பில் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "ரொம்ப நேரமா வெயிட் பண்றீங்களா சார்? வந்துரும் சார்" என்று தேறுதல் சொன்னார்.

ஒருவழியாக மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து, சகதிக்கு நடுவே நாட்டு மருந்துக் கடையைக் கண்டுபிடித்தேன். சுக்கு, மிளகு, ஓமம், சித்தரத்தை என்று நான் சொல்லச் சொல்லக் கடைக்காரர் டப்பாக்களை இறக்கினார். திப்பிலி என்றதும், "அரிசித்திப்பிலியா, கண்டந்திப்பிலியா?" என்றார். இரண்டும் என்றேன். ஒரே கொடியின் இரண்டு உருப்படிகள்தான். கருத்து, மெலிந்து, கரடுமுரடான காய் அரிசித்திப்பிலி. சளிக்கும் இருமலுக்கும் தேனில் குழைத்துத் தருவது. முடிச்சு முடிச்சான தண்டும் வேரும் கண்டந்திப்பிலி. அது உடம்பு வலிக்கு. மிளகுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, ஆனால் மிளகைப் போல எடுத்ததும் சுடாது. நாக்கில் ஒன்றுமில்லாதது மாதிரி கிடந்துவிட்டு, பிறகுதான் வேலையைக் காட்டும். எங்கள் கடைக் குழம்பிலும் இரண்டு திப்பிலி தட்டிப்போடுவேன். எந்த வாடிக்கையாளருக்கும் இதைச் சொன்னதில்லை.

பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே கடைக்காரர், "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா பாய்?" என்று கேட்டார். இந்தச் சாமான்களை இந்தச் சேர்மானத்தில் வாங்குகிறவனிடம் வேறு எதைக் கேட்பார்?

"பொண்ணு" என்றேன். பொய் இல்லையே.

"மகாலட்சுமி" என்றார். கொஞ்சம் திப்பிலியை அள்ளிக் கூடுதலாகப் போட்டார்.

சாயங்காலம் ஷாஹினாவுக்கு உடம்பு கொதித்தது. லைட்டைப் போடாதீங்க என்று கையை மட்டும் ஆட்டினாள். சாதிக் மாத்திரை கொடுத்தான். புரண்டு படுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். துக்கம் உடம்பையும் படுத்தும் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் மருந்து கிண்டினேன். எங்கள் வீட்டில் இது என் வீட்டுக்காரியின் ராஜ்ஜியம். பினாங்கில் எங்கள் சந்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவள்தான் மருந்து. கிண்டுவது மட்டும் என் வேலை, எது எதற்காகப் போடுவது என்பதெல்லாம் அவள் வேலை. என்னென்ன விழுந்தது என்று எனக்கு நினைவிருந்தது. ஏன் விழுந்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஒவ்வொன்றாக வறுத்தேன். கண்டந்திப்பிலி மிக்ஸிக்கு அடங்கவில்லை, கட்டை மாதிரி குதித்தது. இடிகல்லில் போட்டு நசுக்கி, பிறகு அரைத்துச் சலித்தேன். பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்தேன். கருப்பட்டிப் பாகு கொதிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யுமாக மாற்றி மாற்றி ஊற்றிக் கிண்டினேன். எல்லா வாசனையையும் அமுக்கிக்கொண்டு திப்பிலி வாசனை எழுந்தது. காரமும் இனிப்புமாக, தும்மலைக் கூப்பிடுகிற வாசனை. புகை சேருகிறதே என்று சமையலறை ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்துவிட்டேன்.

நான் செய்த முட்டாள்தனம் அதுதான். எங்கள் சந்தில் இந்த வாசனை கிளம்பினால் யாரும் வாயால் சேதி சொல்ல வேண்டியதில்லை. இன்ன வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆறியதும் உருட்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். இந்த ஊர் மட்டும் வேறா?

வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் சிவப்புத் துணிப்பை. கட்டடம் நிற்கிற நிலமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயலாம். கீழ் வீடு அவர்களுடையது. பெயர் அம்சவேணி.

"இன்னா பாய், நீங்கதான் பினாங்குக்காரரா? மருந்து வாசன கீய வரைக்கும் வருதே! எப்போ வந்துச்சு பொண்ணு ஆஸ்பத்திரிலேந்து? ஒரு வார்த்த சொல்லலையே இந்த சாதிக்கு. கொயந்த இன்னா, தூங்கினுகீதா?" பையிலிருந்து குட்டியாக ஒரு ஜோடிக் கொலுசு எட்டிப் பார்த்தது.

கரண்டியோடு நின்றேன். சாதிக் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அடுப்பில் மருந்து அடிபிடிக்க ஆரம்பித்தது. அதைக் கிண்டுவதா, இவருக்குப் பதில் சொல்வதா என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஷாஹினா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வந்திறங்கிய அன்றைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து கேட்ட முதல் பேச்சு.

"குழந்த இறந்துருச்சுக்கா."

அம்சவேணி பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அழவில்லை, தேறுதல் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவளிடம் போய்த் தோளைப் பிடித்தார். ஷாஹினாவின் சட்டை முன்பக்கம் ஈரமாக இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். பார்த்த கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பால் கட்டிகிச்சாடி?" என்று கேட்டார்.

ஷாஹினா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் காய்ச்சலும் முனகலும் என்ன என்று வீட்டில் இருந்த இரண்டு ஆண்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. தகப்பன் கேட்கக்கூடிய கேள்வியா அது என்று என்னை நானே சமாதானம் செய்யப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

சிறிது நேரம் கழித்து அம்சவேணி அறையிலிருந்து வந்து அடுப்பை எட்டிப் பார்த்தார். "பூண்டு போட்டுகிறீங்களா?"

"போட்டிருக்கேன். பால்ல வேகவச்சு."

"பூண்டு எதுக்குப் போடுவாங்கன்னு தெரியாதா பாய்? பால் ஊறத்தான?" குரலில் கோபம் இல்லை. "இத அதுக்குக் குடுக்காதீங்க. நான் ஒண்ணு சொல்றேன், போய் மல்லிப்பூ வாங்கினு வாங்க. நல்லா நெருக்கமா கட்டினதா. மார்ல வெச்சுக் கட்டுனா பால் வத்தும், எங்க வூட்ல அதான் பண்ணுவோம். டாக்டரம்மாக்கும் ஒரு போன் போடு சாதிக்கு, மாத்திர குடுப்பாங்க."

சாதிக் போனை எடுத்தான். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயில் பக்கத்துப் பூக்காரம்மா, "மயைல மல்லி ஏது பாய், காக்கட்டான்தான் கீது. கல்யாண வூடா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று நனைந்துகொண்டு போய், ஒரு கடையில் கேட்ட விலைக்கு மல்லியை வாங்கி வந்தேன். தலையில் வைக்கிற பூ என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். டாக்டரம்மா போனில் சொன்ன மாத்திரையை சாதிக் வாங்கி வந்தான். அறைக்கதவு சாத்தியிருந்தது. இரண்டையும் கதவிடுக்கில் நீட்டினோம்.

வெளியே வந்த அம்சவேணி, "ரசம் வெப்பீங்கல்ல? வாங்க" என்று என்னைக் கீழே கூட்டிப்போனார். கட்டடத்துக்குப் பின்னால், மதிலுக்கும் நாவல் மரத்துக்கும் நடுவே, வெயிலே படாத ஒரு சந்து. தரை தெரியாமல் பச்சைக்கொடி படர்ந்திருந்தது. வெற்றிலை என்று நினைத்தேன். இலை அதே இதயவடிவம்தான், கொஞ்சம் சிறிது. குனிந்து விலக்கினால் நடுவே பச்சையாகக் காய்கள் நிமிர்ந்து நின்றன. திப்பிலி. ஆயுசு முழுக்கக் கருகிய காயாகப் பொட்டலத்தில் பார்த்தவன் உயிரோடு அன்றுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, மண்ணைப் பிடித்துப் பிடித்து முன்னேறியிருந்தது.

"முன்ன வாடகைக்கு இருந்த கேரளாக்காரப் பொண்ணு ஒரு துண்டு வெச்சிட்டுப் போச்சு. தண்ணியே ஊத்தறதில்ல. கோடைலயும் இப்படித்தான் பச்சையா கீது. பசங்க இருமுனா இலயப் போட்டுக் கொதிக்க வெச்சுக் குடுப்பேன்." கொடியின் அடியில் பருத்த தண்டாகப் பார்த்து அறுத்து என் கையில் வைத்தார். "ஒடம்பு வலிக்கு இது மட்டும் போதும். காரம் கம்மியா வெய்யுங்க."

புளியைக் கரைத்து, அந்தத் தண்டை நசுக்கிப் போட்டு, மிளகும் சீரகமும் கொஞ்சமாகத் தட்டி ரசம் வைத்தேன். மல்லி மணக்கிற அறையில், குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் மென்றாள். பிறகு தட்டை வாங்கித் தானே சாப்பிட்டாள். பாதிதான். அந்தப் பாதிக்கே சாதிக் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அடுக்களையில் மருந்துச் சட்டி கருப்பாக, பளபளப்பாக உட்கார்ந்திருந்தது. அடி லேசாகப் பிடித்திருந்தாலும் நல்ல பதம். தொட்டால் ஒட்டாமல் உருட்ட வந்தது. சந்துக்கே கொடுக்கிற அளவுக்குக் கிண்டிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே கிண்டித் தொலைத்திருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் குப்பையில் போட்டுவிடலாம் என்று காகிதத்தில் கொட்டப்போனேன்.

"என்ன பண்றீங்க அத்தா?" பின்னால் ஷாஹினா நின்றாள்.

"தூரப் போட்டுறேன்மா. உனக்கு ஆகாது இது."

"எனக்கு வேணாம். உருட்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்துட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "என்னன்னு சொல்லிக் கொடுக்கச் சொல்ற?"

"நம்ம வீட்டுல பிள்ள பொறந்தா கொடுப்போம்ல? எனக்குப் பொறந்துச்சுல்ல?" குரல் உயரவில்லை. "அவரு யாருகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லல. அவ வந்ததே யாருக்கும் தெரியாமப் போயிரும் அத்தா. ஒரு ராத்திரி பூரா என் பக்கத்துல இருந்தா. என் விரலப் பிடிச்சிருந்தா."

நான் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தேன். உள்ளங்கையில் நெய்யைத் தடவிக்கொண்டு உருட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உருட்டியதையெல்லாம் தட்டில் வரிசையாக வைத்தாள். மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு படி இறங்கினேன்.

இரண்டாவது மாடியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் குடியிருந்தார். கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்ததும், "நேத்தே வாசனை வந்துது சார்! கங்கிராட்ஸ்!" என்றார். சொல்ல வேண்டியதை மாடி இறங்கும்போதே மனதுக்குள் ஓட்டிப்பார்த்திருந்தேன். சொன்னேன். "பொண்ணு பொறந்துச்சும்மா. ஒரு ராத்திரி இருந்தா. விடியக்காலைல போயிட்டா."

அவர் முகம் மாறியது. கை நீண்டபடியே நின்றது. ஒரு உருண்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அதை மூடிப் பிடித்துக்கொண்டு, "பேர் வச்சிருந்தீங்களா சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து குழந்தை, குழந்தை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பவும் படியேறினேன். மூட்டு வலித்தது. கதவு திறந்தே இருந்தது. ஷாஹினா அதே இடத்தில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள பேரு என்னம்மா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வந்த பிறகு அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

"மர்யம்."

நான் இறங்கிப் போனபோது டீச்சர் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தார். அவருக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லைதான். ஆனாலும் மூன்றாவது மாடி வரை போகட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"மர்யம்."